மாட்ரிடில் கணினி அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு: கோர்ஸ் தேடுவது முதல் டிகிரியைக் கையில் வாங்குவது வரை

ஜெர்மனி, கனடா, அயர்லாந்து என்றால் விவரம் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஸ்பெயின் என்றால் "அங்கே போய் என்ன படிப்பு?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். மாட்ரிடில் எம்.எஸ். படித்து முடித்துவிட்டேன், அதற்குள் என்னிடம் தனித்தனியாகக் கேட்ட தம்பி தங்கைகளுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன், அதை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே இருக்கும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும். உங்கள் கோர்ஸ் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தாலும் ஸ்பானிஷ் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள். ஆங்கிலம் உங்களுக்கு அட்மிஷன் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். வீடு, போலீஸ் அலுவலகம், டாக்டர், குரூப் ப்ராஜெக்ட்டில் மற்ற மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வது, வேலைக்கான இன்டர்வியூ எல்லாம் ஸ்பானிஷில்தான்.

எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கேம்பஸ்

மாட்ரிடில் கணினிப் படிப்புக்கு நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்தால் போதும். பொலிடெக்னிகா (சுருக்கமாக யூ.பி.எம்.), கார்லோஸ் மூன்றாமவர் பெயரில் இருக்கும் யூ.சி.3.எம்., கொம்ப்ளுத்தென்சே, அவுத்தோனோமா. இதில் கொம்ப்ளுத்தென்சேயின் கணினித் துறை நகரத்துக்குள்ளேயே சியுதாத் யுனிவெர்சித்தாரியாவில் இருக்கிறது, மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். அவுத்தோனோமா வடக்கே கந்தோபிளாங்கோவில், செர்கானியாஸ் என்ற புறநகர் ரயிலில் போக வேண்டும். யூ.சி.3.எம்.மின் இன்ஜினியரிங் பள்ளி தெற்கே லெகானேஸில்.

யூ.பி.எம்.மில்தான் புதிதாகப் போகிறவர்கள் குழம்புகிறார்கள். அங்கே கணினிக்கு இரண்டு தனித்தனிப் பள்ளிகள் உண்டு, பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒன்று நகரத்துக்கு மேற்கே போவாதில்யா என்ற ஊர்ப் பக்கம் மோந்தெகான்செதோ கேம்பஸில், இன்னொன்று தென்கிழக்கே வயேகாஸில் காம்புஸ் சூரில். இரண்டுக்கும் நடுவில் முழு நகரமும் கிடக்கிறது. அட்மிஷன் லெட்டரில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வயேகாஸில் ரூம் எடுத்து, தினமும் மோந்தெகான்செதோவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளியின் முழுப்பெயரையும் கேம்பஸையும் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

ஆராய்ச்சிப் பக்கம் ஆசை இருந்தால் மோந்தெகான்செதோவை நான் தனியாகச் சொல்வேன். அந்த வளாகத்திலேயே இம்தேயா சாஃப்ட்வேர் நிறுவனம் இருக்கிறது, புரோகிராம் சரிபார்ப்பு, கிரிப்டோகிராஃபி, மொழி வடிவமைப்பு என்று ஆழமான வேலை நடக்கும் இடம். உள்ளே பேச்சுமொழி ஆங்கிலம், இன்டர்ன்களையும் எடுப்பார்கள். லெகானேஸ் பக்கம் போகிறவர்களுக்கு இம்தேயா நெட்வொர்க்ஸ் அதேபோல அருகில்.

"ஒஃபிசியால்" என்ற ஒரு சொல்

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான். ஸ்பெயினில் "மாஸ்டர்" என்ற பெயரில் இரண்டு வகைப் படிப்பு விற்கிறார்கள். ஒன்று மாஸ்தெர் ஒஃபிசியால், மாஸ்தெர் யுனிவெர்சித்தாரியோ என்றும் எழுதுவார்கள். அரசு அங்கீகாரம் பெற்றது, பி.எச்டி.க்குப் போக வழி உண்டு, ஐரோப்பா முழுக்கச் செல்லும். இன்னொன்று தீத்துலோ புரோப்பியோ, அதாவது பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில் கொடுக்கும் சான்றிதழ். இதை இப்போது ஃபோர்மாசியோன் பெர்மனெந்தே என்ற பெயரிலும் பார்க்கலாம். இரண்டாவது வகை மோசம் என்று சொல்லவில்லை, வேலையில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள அது பயன்படும். ஆனால் லோன் போட்டுக் கடல் கடந்து போகிற நமக்கு அது வேண்டாம்.

சரிபார்ப்பது எளிது. ஸ்பெயின் அரசு ரூக்த் என்ற பெயரில் அங்கீகரித்த படிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது, இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். கன்சல்டன்சி எத்தனை பளபளப்பான புரோஷர் கொடுத்தாலும், படிப்பின் பெயர் ரூக்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

தகுதி என்று பார்த்தால், நாலு வருட பி.இ., பி.டெக். வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஸ்பெயினின் கிராதோவும், அதாவது இளங்கலைப் பட்டமும், நாலு வருடம், 240 கிரெடிட். மூன்று வருட பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கும் முன் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். உங்கள் நாட்டில் அந்தப் பட்டம் முதுகலைக்குத் தகுதி தருகிறதா என்பதோடு, அதன் தரம் அவர்கள் கிராதோவுக்கு இணையா என்பதையும் பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கும், பதில் இடத்துக்கு இடம் மாறும்.

பிளஸ் டூ முடித்து நேராக இளங்கலைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: முடியும், ஆனால் வேலை அதிகம். பிளஸ் டூ சான்றிதழுக்கு ஹோமோலோகாசியோன் என்ற இணைத்தகுதி வாங்க வேண்டும், ஊனேத் பல்கலைக்கழகம் வழியாக நுழைவு மதிப்பெண் கணக்கிட வேண்டும், நல்ல கல்லூரி வேண்டுமென்றால் அவர்களின் பாடத் தேர்வுகளையும் எழுத வேண்டியிருக்கும். யூ.சி.3.எம்.மில் கணினி இளங்கலையை ஆங்கிலத்திலும் படிக்கலாம், மற்ற இடங்களில் ஸ்பானிஷ்தான் பிரதானம். என் அபிப்பிராயம், இங்கே பி.இ. முடித்துவிட்டு முதுகலைக்குப் போவது நல்லது.

பணக் கணக்கு

ஸ்பெயினின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிரெடிட் கணக்கில் வரும், விலையை மாநில அரசு நிர்ணயிக்கும். மாட்ரிடில் முதுகலைக்கு நான் கட்டணம் கட்டிய காலத்தில் ஐரோப்பியர்களுக்குக் கிரெடிட்டுக்கு ஏறத்தாழ 45 யூரோ, வெளிநாட்டிலிருந்து வரும் நமக்கு ஏறத்தாழ 84 யூரோ. 60 கிரெடிட் என்றால் ஒரு வருடத்துக்கு 5,000 யூரோ சுற்றுவட்டாரம். சில கோர்ஸ்களுக்குத் தனி விலை உண்டு, அதனால் அந்தந்தக் கோர்ஸின் பக்கத்தில் இந்த வருட விலையைப் பாருங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகை இப்ரெம் என்ற அரசுக் குறியீட்டை வைத்து முடிவாகிறது. 2023 முதல் அது மாதம் 600 யூரோ, ஆக வருடத்துக்கு 7,200. ஜெர்மனி மாதிரி பணத்தைப் பூட்டி வைக்கும் பிளாக்ட் அக்கவுண்ட் கிடையாது. பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பா அம்மா ஸ்பான்சர் கடிதம், லோன் சாங்ஷன் லெட்டர் இவற்றைக் காட்டலாம். ஆனால் 600 யூரோவில் மாட்ரிடில் மாதம் ஓட்ட முடியாது. ரூம் வாடகையே 450 முதல் 650 வரை போகிறது. எல்லாம் சேர்த்து மாதம் 1,000 யூரோ என்று வைத்துத் திட்டமிடுங்கள், மூச்சு விட இடம் இருக்கும்.

ஸ்காலர்ஷிப்பில் எல்லாரும் முயற்சி செய்ய வேண்டியது எராஸ்முஸ் முந்துஸ். மாதம் 1,400 யூரோ, இரண்டு வருடம் வரை, கட்டணமும் கிடையாது. ஆனால் அதில் ஒரே நகரத்தில் இருக்க முடியாது, குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படிக்க வேண்டும். விண்ணப்பம் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், அதனால் டிசம்பருக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

பேப்பர் வேலை: வரிசை மாறக் கூடாது

நான் அடிபட்டது இங்கே. டிகிரியையும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டையும் அவசர அவசரமாக ஸ்பானிஷில் மொழிபெயர்த்து வாங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் அப்போஸ்டிலுக்கு, அதாவது சான்றிதழை வெளிநாட்டில் செல்ல வைக்கும் அரசு முத்திரைக்கு, கொடுத்தேன். அப்போஸ்டில் முத்திரை ஆங்கிலத்தில் ஒட்டி வந்தது, அந்த முத்திரைக்கு மொழிபெயர்ப்பு இல்லை. மொத்தத்தையும் இரண்டாவது முறை மொழிபெயர்க்கக் கொடுத்து இரண்டாவது முறை பணம் கட்டினேன். மூன்று வாரம் போனது.

சரியான வரிசை இது. முதலில் பல்கலைக்கழகத்தில் டிகிரி (கான்வொகேஷன் ஆகவில்லை என்றால் புரொவிஷனல்) மற்றும் ட்ரான்ஸ்கிரிப்ட். அடுத்து சென்னையில் மாநில அரசின் அட்டெஸ்டேஷன், அதை எச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு மேல் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில். டிகிரியின் பின்பக்கம் ஒட்டப்படும் அந்தச் சின்ன ஸ்டிக்கரோடு சேர்த்து இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, அதற்கப்புறம் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பவர் திரதுக்தோர் ஹுராதோ, அதாவது ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அமைச்சகமே பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது, அதில் இல்லாதவரின் முத்திரை செல்லாது. அசல் டிகிரியை லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அட்டெஸ்டேஷனில் சிக்கல் வரும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் டிகிரி வந்த அன்றே லேமினேஷன் கடைக்குத்தான் எடுத்துப் போகிறார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு விசாவுக்காகக் கூடுதலாக இரண்டு பேப்பர் வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் பி.சி.சி. என்ற போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், அதற்கும் அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு. இன்னொன்று மெடிக்கல் சர்டிஃபிகேட். அதில் 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளில் சொல்லப்பட்ட தீவிர நோய் எதுவும் இல்லை என்ற வாசகம் அப்படியே இருக்க வேண்டும். நம் குடும்ப டாக்டர் எழுதும் "உடல்நலமாக இருக்கிறார்" போதாது, வாசகத்தை டைப் அடித்து எடுத்துக்கொண்டு போய் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் ஆயுள் குறைவு, அதனால் அட்மிஷன் வந்த பிறகு எடுங்கள். டிகிரி அப்போஸ்டிலை அட்மிஷனுக்குக் காத்திராமல் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடலாம்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ் வாங்கி ஏமாறாதீர்கள். ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற கம்பெனியின் முழு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். பாலிசியில் "சின் கோபாகோ", "சின் காரென்சியா" என்ற இரண்டு வார்த்தையும் இருக்கட்டும். முதலாவது, ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் கையிலிருந்து பங்கு கட்ட வேண்டியதில்லை என்பது. இரண்டாவது, முதல் நாளிலிருந்தே செல்லும், காத்திருப்புக் காலம் இல்லை என்பது.

விசா விண்ணப்பத்தை வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதாவது கொடுத்துவிட வேண்டும். செப்டம்பரில் கோர்ஸ் என்றால் ஜூன் கடைசியை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் ஸ்பெயினே விடுமுறையில் இருக்கும், அந்த மாதம் எந்த மெயிலுக்கும் வேகமாகப் பதில் வராது. 2025 மே 20 முதல் புதிய வெளிநாட்டவர் விதிகள் அமலுக்கு வந்திருக்கின்றன, அதன்படி உயர்கல்விக்கு வருபவர்களுக்குப் படிப்புக் காலம் முழுமைக்கும் அனுமதி உண்டு. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம்.

ஸ்பானிஷ்: தமிழ் பேசுகிறவருக்குக் கிடைக்கும் சலுகைகள்

ஏழெட்டு மாதம் கையில் இருக்கும், அதில் ஏ2 நிலையை (ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்தர அளவில் இரண்டாம் படி) எட்டிவிடலாம். அங்கே போய் முதல் செமஸ்டர் முடிவதற்குள் பி1. இது என் அனுபவத்தில் நியாயமான இலக்கு. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுப்பதால், நமக்குச் சுலபமான இடங்களையும் கஷ்டம் என்று எச்சரித்துவிடுகின்றன. நான் பாதி வழியில்தான் இதைக் கவனித்தேன், முதலிலேயே தெரிந்திருந்தால் நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

"மே குஸ்தா எல் கஃபே" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக்காரருக்கு இது தலைகீழாகத் தெரியும். நமக்கு அது "எனக்குக் காபி பிடிக்கும்", அவ்வளவுதான். "மே துவேலே லா கபேசா" என்றால் "எனக்குத் தலை வலிக்கிறது". அந்த "மே" நம்முடைய "எனக்கு". மனசுக்குள் ஆங்கிலத்துக்குப் போகாமல் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

வினைச்சொல்லும் அப்படியே. ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்பது பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார். யார் என்பது விகுதியிலேயே இருப்பதால் "நான்", "நீ" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நாமும் சொல்வதில்லையே. நீ, நீங்கள் வேறுபாடு தூ, உஸ்தெத் என்று இருக்கிறது. உச்சரிப்பில் ஞ அப்படியே இருக்கிறது, எஸ்பாஞா என்றுதான் நாட்டின் பெயரே. "பெரோ" என்றால் ஆனால், "பெற்ரோ" என்று நாக்கை அதிரவிட்டால் நாய், ர, ற வேறுபாட்டை அழுத்திச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது வாயில் வந்துவிடும். இன்னும் நுணுக்கமான ஒன்று: "நாதா" என்று எதுவுமில்லை என்பதற்குச் சொல்வார்கள், அதில் வரும் த, நாம் "அது" என்னும்போது வரும் மெல்லிய த. க, த, ப-வில் காற்று ஊதாமல் சொல்வதும் நம் பழக்கம்தான்.

கஷ்டமான இடம் பெயர்ச்சொல்லின் பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்து வளர்ந்த நமக்கு மேசைக்கு ஏன் பெண்பால் என்று மனம் ஒப்பாது. காரணம் தேடாமல் "லா மெசா", "எல் லீப்ரோ" என்று முன்னொட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி. மாட்ரிட்காரர்களின் வேகமும் முதல் மாதம் மிரட்டும். களைப்பாக இருப்பதற்கு "கன்சாதோ" என்று படித்திருப்பீர்கள், அவர்கள் "கன்சாவ்" என்று விழுங்கிவிடுவார்கள்.

கணினிச் சொற்களுக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். அதுவும் ஸ்பெயின் வழக்கில், ஏனென்றால் மெக்சிகோ வீடியோக்களில் கம்ப்யூட்டருக்குக் கம்புத்தாதோரா என்பார்கள், மாட்ரிடில் ஓர்தெனாதோர். ஃபைல் ஃபிசேரோ, லூப் பூக்லே, பாயிண்டர் புந்தேரோ, ஸ்ட்ரிங் காதேனா, த்ரெட் ஈலோ, நிஜமாகவே நூல் என்று பொருள். ஸ்டேக் பீலா, க்யூ கோலா. பீலாவுக்கு பேட்டரி என்றும் கோலாவுக்கு வால் என்றும் பொருள் உண்டு, இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

போய் இறங்கிய முதல் மாதம்

மூன்று விஷயம், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். வீடு இருந்தால்தான் எம்பத்ரோனமியேந்தோ, அதாவது நகராட்சியில் முகவரிப் பதிவு, சுருக்கமாகப் பாத்ரோன். அந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் போலீஸில் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்குப் போவது வழக்கம், அட்டையை தியே என்பார்கள். அட்டை இல்லாமல் நல்ல பேங்க் கணக்கு, நீண்டகால மொபைல் ஒப்பந்தம் எல்லாம் இழுபறி. அட்டைக்கு நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அதனால் ரூம் பார்க்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பாத்ரோன் செய்துகொள்ளலாமா?" என்பது. சில வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதாமல் வாடகைக்கு விடுவார்கள், பதிவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என் முதல் வீட்டுக்காரர் முன்பணம் வாங்கும் வரை சரி சரி என்றார், சாவி கொடுத்த பிறகு முடியாது என்றுவிட்டார். வேறு வீடு தேட எனக்கு இரண்டு வாரம் ஆனது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும்.

விளம்பரங்கள் இதேயாலிஸ்தா, ஃபோட்டோகாசா போன்ற தளங்களில் இருக்கும். "எக்ஸ்தேரியோர்" என்றால் ஜன்னல் தெருவைப் பார்த்தது. "இந்தேரியோர்" என்றால் கட்டடத்தின் நடுவில் இருக்கும் காற்றுக்கிணறு மாதிரியான பாத்தியோவைப் பார்த்தது, பகலிலும் விளக்கு போட வேண்டிவரும். ஐம்பது யூரோ மிச்சம் என்று நவம்பரில் இருட்டு ரூமில் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவது மனசை ரொம்பப் பாதிக்கும், முடிந்தால் வெளிச்சத்துக்குப் பணம் கொடுங்கள். "காஸ்தோஸ் இன்க்லுய்தோஸ்" என்றால் கரன்ட், தண்ணீர், ஹீட்டர் எல்லாம் வாடகைக்குள். நேரில் பார்க்காத ரூமுக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. முதல் இரண்டு வாரம் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு தேடுங்கள்.

பாத்ரோனுக்கு நகராட்சியின் லீனேயா மாட்ரிட் அலுவலகங்கள் இருக்கின்றன, 010 எண்ணில் அழைத்தும் நேரம் வாங்கலாம். தியேவுக்கான நேரம் கிடைப்பதுதான் பெரிய பாடு. "சீத்தா பிரேவியா" என்ற முன்பதிவு இணையத்தில்தான், திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இந்தியாவில் இருக்கும்போதே தேதி தேட ஆரம்பியுங்கள், காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை. கையில் இ.எக்ஸ்-17 படிவம், 790-012 கட்டண ரசீது, பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், அட்மிஷன் கடிதம், பாத்ரோன், போட்டோ. போட்டோ 32க்கு 26 மில்லிமீட்டர், நம் பாஸ்போர்ட் சைஸ் செல்லாது. கைரேகை வைத்த பிறகு ஒரு மாதம் போல ஆகும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதைக் காட்டித்தான் அட்டையை வாங்க வேண்டும்.

26 வயது நிறையாதவர்களுக்கு அபோனோ ஹோவென் என்ற பயண அட்டைக்கு மானியம் இல்லாத விலை மாதம் 20 யூரோ, மெட்ரோ, பஸ், புறநகர் ரயில், எத்தனை மண்டலமானாலும் அதே விலை. அரசு மானியம் இருக்கும்போது அதற்கும் குறையும். 26ஐத் தாண்டியவர்கள் மண்டலத்தைப் பார்த்துத்தான் வீடு பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரே ஒரு குறிப்பு, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டால் சூரை மீன் போட்ட சாலட் வரும், ஹமோன் என்ற உப்பிட்ட பன்றி இறைச்சியைக்கூடச் சிலர் தூவிவிடுவார்கள். "நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்" என்று இறைச்சி, மீன், ஹமோன் மூன்றையும் எண்ணிச் சொல்லுங்கள். பருப்பு, மிளகாய்த்தூள், நம் மசாலா எல்லாம் லாவாபியேஸ் பகுதியில் வங்கதேசத்தவர் கடைகளில் கிடைக்கும்.

வகுப்பறை

முதல் நாள் அதிர்ச்சி, பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. சார், மேடம் கிடையாது, பெரும்பாலும் "தூ" என்றே பேசுவார்கள். நாக்கு எழாது, இரண்டு வாரத்தில் பழகிவிடும். துத்தோரியா என்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாரத்தில் குறிப்பிட்ட மணிநேரம் உண்டு, அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்கலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கி நிற்காதீர்கள். அந்த நேரம் உங்களுக்காக ஒதுக்கப்பட்டது.

"சுஸ்பென்சோ" என்று லிஸ்ட்டில் வந்தால் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள், ஃபெயில் என்று பொருள். மதிப்பெண் பத்துக்கு. ஐந்து பாஸ், ஏழு நொத்தாப்லே, ஒன்பது சோப்ரெசாலியெந்தே. அதற்கும் மேல் மாத்ரிகுலா தே ஓனோர், ஒரு பாடத்தில் ஐந்து சதவீதம் பேருக்குத்தான் கொடுக்க முடியும். 85 சதவீதம் வாங்கிப் பழகியவர்களுக்கு 6.8 என்று பார்க்கும்போது அழுகை வரும், ஆனால் அங்கே அது கெட்ட மதிப்பெண் இல்லை. ஒரு பாடத்தில் போனால் அதே வருடத்தில் கோடையை ஒட்டி எக்ஸ்த்ரா ஓர்தினாரியா என்ற இரண்டாம் வாய்ப்பு வரும். அதையும் விட்டால் அடுத்த வருடம் அதே பாடத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும், மறுமுறை சேரும்போது கிரெடிட் விலை கூடவும் செய்யலாம். நம் அரியர் ஃபீஸ் மாதிரி சில நூறு ரூபாய் இல்லை. முதல் செமஸ்டர் தேர்வு ஜனவரியில், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த கையோடு வரும், அதனால் டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

பிராக்திகா என்றால் லேப் அசைன்மென்ட். அதோடு "மெமோரியா" கொடு என்பார்கள். கம்ப்யூட்டர் மெமரி இல்லை, அறிக்கை. நம் ரெக்கார்ட் நோட் மாதிரி எழுதி நிரப்பினால் மதிப்பெண் வராது, ஏன் இந்த டேட்டா ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுத்தாய், வேறு எது யோசித்தாய், நேரம் எவ்வளவு ஆகிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

லேபில் இன்னொரு சங்கடம் கீபோர்டு. ஞ-வுக்கான எழுத்துக்குத் தனிக் கட்டை இருக்கிறது, ஆனால் நம் உயிர்நாடியான வளைந்த அடைப்புக்குறியும் சதுர அடைப்புக்குறியும் வலப்பக்கத்து ஆல்ட்-ஜி.ஆர். கட்டையை அழுத்திக்கொண்டால்தான் வரும். அட் குறி ஆல்ட்-ஜி.ஆர். 2, ஹாஷ் 3, பைப் 1. லேப் தேர்வில் இதைத் தேடிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் போய்விடும், முன்னாலேயே பழகுங்கள். எண்களிலும் கவனம். 3,5 என்றால் மூன்றரை, 1.000 என்றால் ஆயிரம். மாட்ரிட் நகராட்சி திறந்த தரவுத் தளத்தில் போக்குவரத்து, காற்று மாசு எல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறது, ப்ராஜெக்ட்டுக்கு அருமையான சுரங்கம். ஆனால் அந்த சி.எஸ்.வி. கோப்புகளில் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரித்திருப்பார்கள். பாண்டாஸ் என்ற பைதான் நூலகத்தில் பிரிப்பான், தசமக் குறி இரண்டையும் சொல்லாமல் படித்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து நிற்கும்.

ஒரு நாள் நேரம் ஒதுக்கி சியுதாத் யுனிவெர்சித்தாரியாவில் யூ.பி.எம்.மின் சிவில் பள்ளிக்குள் இருக்கும் தோரெஸ் கெவேதோ அருங்காட்சியகம் பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஸ்பெயின் இன்ஜினியர் லியோனார்தோ தோரெஸ் கெவேதோ 1912ல் கட்டி, 1914ல் பாரீஸில் காட்டிய சதுரங்க இயந்திரம் அங்கே இருக்கிறது. ராஜாவும் யானையும் வைத்துக்கொண்டு எதிரியின் தனி ராஜாவை மனித உதவி இல்லாமல் மடக்கும். டிரான்சிஸ்டர் வருவதற்கு முப்பது வருடத்துக்கும் மேல் முன்னால், மின்காந்தங்களை வைத்து. எண்ட்கேம் அல்காரிதத்தைக் கண்ணால் பார்க்கும் அனுபவம் அது.

வேலை, அப்புறம் டிகிரி

மாணவர் அனுமதியில் வாரம் 30 மணிநேரம் வரை வேலை பார்க்கலாம். கம்பெனிகளில் பிராக்திகாஸ் என்ற இன்டர்ன்ஷிப்புக்கு கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே கொன்வேனியோ என்ற ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும், பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புத் தளத்திலேயே தேடினால் இந்தச் சிக்கல் குறைவு. படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதற்கென்று தனி அனுமதி இருக்கிறது, ஆனால் மாணவர் அனுமதி தீர்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். இன்டர்வியூவில் டெக்னிக்கல் சுற்று ஆங்கிலத்தில் நடந்தாலும், எச்.ஆர். அழைப்பு ஸ்பானிஷில்தான் வரும். பி2 இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் கிடைக்கும் வேலைகளின் எண்ணிக்கையை நான் என் வகுப்பிலேயே பார்த்தேன், பெரிய இடைவெளி.

கடைசியாக, தீசிஸ் டிஃபென்ஸ் முடிந்த சந்தோஷத்தில் எல்லாரும் மறப்பது. டிகிரி தானாக வராது, அதற்குத் தனியாக விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அசல் அச்சாகி வர பல மாதம் பிடிக்கும், அதுவரை செல்லுபடியாகும் தற்காலிகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்புவதாக இருந்தால் அந்தச் சான்றிதழுக்கும் மார்க் ஷீட்டுக்கும் ஸ்பெயினிலேயே கையெழுத்துச் சரிபார்ப்பு முடித்து அப்போஸ்டில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சென்னையிலிருந்துகொண்டு அதைச் செய்ய, அங்கே இருக்கும் ஒரு நண்பரைப் பிடித்து அலைய விட வேண்டியிருக்கும்.